சாமிப் பலகைக்குப் பின்னால் ஒரு சாண் குழாய்

"சாவிய ஒரு பல்லு திருப்பு, ஸ்டார்ட் பண்ணிறாத" என்று வண்டிக்கு அடியிலிருந்து பூபதி கத்தினான். வான்மதி திருப்பினாள். பின்பக்கம், படுக்கைப் பலகைக்குக் கீழே, பெட்ரோல் தள்ளும் புது பம்ப் ங்ங்ங் என்று முனக ஆரம்பித்தது. "எடு" என்றான். எடுத்தாள். முனகல் நின்றது. போடு, எடு, போடு, எடு. தலைக்குக் குளித்துவிட்டு, கூந்தலில் சுற்றிய ஈரத்துண்டைக்கூட அவிழ்க்காமல், கட்டிய புருஷனின் கால்களை மட்டும் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு இப்படிச் சாவியைத் திருகுவதற்கு எம்.எஸ்ஸி. வேதியியல் எதற்கு, ஒரு கொக்கியும் கயிறும் போதாதா என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லவில்லை. எதையும் சொல்வதற்கு முன் அவளுக்கு அதை மனசுக்குள் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும், ஏங்க என்று தொடங்குவதா, இல்லை நேராக விஷயத்துக்கே போவதா, குரல் எந்த அளவுக்கு, கோபமாகத் தெரியுமா, தெரிந்தால் என்ன, அதற்குள் அடுத்த 'போடு' வந்துவிடும். வந்தது. போட்டாள். பம்ப் முனகியது, கூடவே அந்த வாடையும் வந்தது. முன்னால் என்ஜின் பக்கமிருந்து வரவில்லை, அங்கே மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு மெக்கானிக் சின்ராசு நிற்கிறான், காற்றும் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. வாடை அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, வண்டியின் உள்ளிருந்து வந்தது. இனிப்பும் காரமும் கலந்து, மூக்கின் மேல்மூலையில் போய் ஒட்டிக்கொள்கிற வாடை. "எடு." எடுத்தாள். அளந்து பார்க்கிற மாதிரி மூச்சை இழுத்துப் பார்த்தாள். குறைகிறது. சாவி போட்டால் கூடுகிறது, எடுத்தால் குறைகிறது. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும். இதை ஆய்வுக்கூடப் பதிவேட்டில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள், ஆனால் நாமக்கல்லில், மாமியார் வீட்டுப் பக்கத்துக் காலிமனையில், படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய ஒரு நாற்பது வருஷத்து வீட்டு வண்டிக்குள் உட்கார்ந்து சொன்னால் அதற்கு மதிப்பெண் போட ஆள் இல்லை. "ஏங்க" என்றாள், ஜன்னல் வழியாகக் கீழே குனிந்து, "உள்ள பெட்ரோல் வாடை வருதுங்க." கால்கள் அசையவில்லை. "பெட்ரோல் வண்டின்னா பெட்ரோல் வாடைதான் வரும். பின்ன மல்லியப்பூ வாடையா வரும்?" என்றது வண்டியின் அடிவயிறு. முன்னால் சின்ராசு சிரித்தான். தலை உள்ளே இருந்ததால் சிரிப்பு இரும்புக்குள் போய் எதிரொலித்துத் திரும்பி வந்தது.

மல்லியப்பூ. நல்ல பதில்தான், சட்டென்று வாயில் வந்துவிட்டது அவனுக்கு, அவனுக்கு எல்லாமே வாயில் வந்துவிடும். அவளுக்கு மறுபதில் ராத்திரி படுத்தபிறகுதான் வரும், எப்போதும் அப்படித்தான். இந்த வேலை மொத்தமும் தொடங்கியதே அவள் வாயிலிருந்து என்பது இங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா. போன சித்திரையில் கொல்லிமலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவு ஒன்றின் நட்டநடுவில் இந்த வண்டி செத்துப்போய் நின்றது. முன்சக்கரம் பாறைப் பக்கம், பின்பக்கம் பள்ளம், மேலே ஏறுகிற பேருந்து, கீழே இறங்குகிற மிளகு லாரி, எல்லாரும் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். அவள் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்து, அந்தக் கல்லின்மேல் தன் காலையும் வைத்துக்கொண்டு நின்றாள், தன் கால் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறது என்று உண்மையிலேயே நம்பிக்கொண்டு. வெயிலிலும் என்ஜின் சூட்டிலும் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டது, ஆவியை அந்தப் பழைய பம்ப்பால் இழுக்க முடியவில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரைத் துணியில் நனைத்து பம்ப்மேல் போட்டுப் போட்டுக் குளிர வைத்தார்கள், அத்தை அந்தத் துணிக்குத் தன் புது டர்க்கித் துண்டைக் கொடுத்துவிட்டு, மலைமேல் இருக்கும் சாமியைக் கும்பிடாமலே திரும்பி இறங்கினாள். வழியெல்லாம் ஒரே பேச்சு, "உங்க மாமா இருந்தப்ப காசி வரைக்கும் போயிட்டு வந்த வண்டி கண்ணு இது, ஒரு எடத்துல நிக்கல." அன்று ராத்திரி சோறு போடும்போதுதான் வான்மதி சொன்னாள், சூடு மட்டும் இல்லீங்க, இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க, பழைய ரப்பர் அதுல ஊறி உப்பிக் கரையும், வண்டில இருக்கறது மாமா காலத்துக் குழாய், எல்லாத்தையும் மாத்தணும், பம்ப்பையும் டாங்க் பக்கத்துலயே வச்சா சூடு படாது. ஒரே மூச்சில் அவள் அவ்வளவு நீளம் பேசியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பூபதி ரசத்தை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினான். மறுநாள் வாசலில் சின்ராசுவிடம், "மாப்ள, எனக்கொரு யோசனை வந்துச்சு" என்று அவன் தொடங்கியபோது அவள் கோலமாவு டப்பாவோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஸ்பிரிட் கலக்குறாங்கடா, அதுல ரப்பர் கரையுது, யாருக்குத் தெரியுது இதெல்லாம். யாருக்குத் தெரியுது. அவளுக்கு அன்றைக்குக் கோபம்கூட வரவில்லை, காதில் தண்ணீர் புகுந்த மாதிரி ஒரு அடைப்பு, அவ்வளவுதான். அது இன்னும் இருக்கிறது. "போடு." போட்டாள். "வருதா?" என்று கேட்டான் பூபதி. "வருது மாப்ள, ஆனா பூனை மூத்திரமாட்டம் வருது" என்றான் சின்ராசு முன்னாலிருந்து. "காத்து புடிச்சிருக்கும். இன்னும் கொஞ்சம் ஓடட்டும். எடுக்காத, அப்படியே வச்சிரு" என்றான் பூபதி. அப்படியே வைத்திருந்தாள். பம்ப் முழுவேகத்தில் தள்ளுகிறது, முன்னால் போய்ச் சேருவது கொஞ்சம், அப்படியென்றால் மீதி எங்கே போகிறது. ஒன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. கழித்துப் பார்க்க ஆள் இல்லை, காற்றாம், காற்று புடிச்சிருக்காம்.

மீதி எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும், அதுதான் எரிச்சலே. திரும்பாமலே தெரியும். அவள் இருக்கைக்கு நேர் பின்னால், ஒட்டுப்பலகைத் தடுப்பில், மாமனார் தன் கையாலேயே ஆணியடித்து வைத்த சாமிப் பலகை இருக்கிறது. முருகன், மாரியம்மன், நடுவில் மாமனாரின் சின்னப் படம், அவரும் சாமியாகிவிட்டதால். அந்தப் பலகைக்குப் பின்னால்தான் தடுப்புக்குள் ஒரு ஓட்டை, அந்த ஓட்டை வழியாகத்தான் படுக்கைக்குக் கீழே இருக்கும் டாங்க்கிலிருந்து குழாய் ஏறி, வளைந்து, முன்பக்கம் இறங்குகிறது. முழுக் குழாயையும் மாற்றிவிட்டார்கள், கறுப்பாக, வழவழவென்று, மேலே வெள்ளை எழுத்து ஓடுகிற புதுக்குழாய். பலகைக்குப் பின்னால் இருக்கிற ஒரு சாண் நீளத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். முந்தாநாள் சின்ராசு திருப்புளியோடு பலகையை நெருங்கியபோது அத்தை ஓடி வந்தாள். "அதத் தொடாதீங்கடா. ஆடி மாசம். சாமிய எடத்த விட்டு எடுத்தா அப்பறம் எப்ப வெக்கறது, யாரக் கேட்டு வெக்கறது? உங்கப்பன் கையால அடிச்ச ஆணிடா அது பூவதி." பூபதியின் முகம் உடனே சின்னப்பையன் முகமாகிவிட்டது. சின்ராசு திருப்புளியைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, "அது ஒண்ணும் ஆவாதுங்கம்மா, ஒரு சாண்தான், பழைய காலத்துச் சரக்கு, இன்னும் இருவது வருஷம் தாங்கும்" என்று சொல்லிவிட்டான். புதுக்குழாயை இந்தப் பக்கம் ஒரு கிளிப், அந்தப் பக்கம் ஒரு கிளிப் போட்டு அந்தப் பழைய சாணோடு இணைத்துவிட்டான். வீட்டையே இடித்துக் கட்டிவிட்டு வாசற்கதவை மட்டும் கரையானோடு விட்டுவைக்கிற மாதிரி. இத்தனை வருஷம் என்ஜின் பக்கத்துப் பழைய பம்ப் இந்தக் குழாயை உறிஞ்சித்தான் வந்தது, இளநீர்க் குழலில் உறிஞ்சுகிற மாதிரி. ஓட்டை இருந்தாலும் உள்ளே காற்றுதான் போகும், வெளியே சொட்டாது. இப்போது டாங்க் பக்கத்திலிருந்து தள்ளுகிறார்கள். உறிஞ்சப் பழகின குழாயில் ஊதினால் என்ன ஆகும். அவளுக்குக் கல்லூரி ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. கரைப்பான் ஜாடிக்குள் யாரோ மறந்து போட்டுவிட்ட ரப்பர்த் துண்டு, லீவு முடிந்து வந்து பார்த்தபோது மழைக்கால அட்டையைப்போல் ஊதிப் பளபளத்துக் கிடந்தது, இடுக்கியால் தொட்டதும் பிய்ந்தது. ஏன் இப்படி ஆச்சு, யார் சொல்வீங்க என்று கேட்டார் பேராசிரியர். அவளுக்குத் தெரியும். மனசுக்குள் முழு விடையையும் எழுதி முடித்து, முதல் வார்த்தையை உதட்டுக்குக் கொண்டு வந்தபோது பக்கத்தில் நின்ற பிரமிளா தோள்மேல் துப்பட்டாவைத் தள்ளிக்கொண்டே சொல்லிவிட்டாள், பாதி தப்பாக. பேராசிரியர் "வெரிகுட்" என்றார். பாதி தப்புக்கு வெரிகுட். அந்தப் பாதித் தப்பு இன்றைக்கும் அவளுக்குத் தொண்டையில் இருக்கிறது, எத்தனை வருஷமாக, சே, இப்போது பிரமிளாவா முக்கியம், பிரமிளா ஓசூரில் பிள்ளை பெற்றுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள், இங்கே முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்கிறது. "எடு" என்றான் பூபதி. அதற்கு முன்பே எடுத்திருந்தாள்.

"அண்ணா" என்று கூப்பிட்டாள், முன்கண்ணாடி வழியாகச் சின்ராசுவிடம். மூடி திறந்திருந்ததால் அவன் முகம் தெரியவில்லை, விரல்கள் மட்டும் விளிம்பில் தெரிந்தன, நகங்களில் கரி. "அண்ணா, அந்தச் சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கற குழாய்..." "அதெல்லாம் பாத்தாச்சு தங்கச்சி" என்றன விரல்கள். எங்கே பார்த்தாய், எப்போது பார்த்தாய், பலகையைத் தாண்டிப் பார்க்கிற கண் உனக்கு உண்டா என்று கேட்கலாம். கேட்டால் பூபதி அடியிலிருந்து, விடும்மா, அவன் பொறந்ததுலேர்ந்து வண்டிதான் பாக்கறான் என்பான், அதற்கு இவள் சும்மா இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சண்டை, சண்டை வந்தால் அத்தை வருவாள், வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்பாள். எல்லா வழிகளும் முன்கூட்டியே தெரிந்துவிடுவதுதான் அவளுடைய சாபம். கடைசிவரை தெரிந்துவிடுவதால் முதல் அடியையே எடுக்க மாட்டாள். அத்தை வந்துகொண்டிருந்தாள். சண்டையில்லாமலே வந்துகொண்டிருந்தாள். வீட்டு வாசலிலிருந்து, மஞ்சள் புடவையில், இடுப்பில் பூசணிக்காய், கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் எலுமிச்சை, வெற்றிலை, விபூதி, கற்பூரம். கற்பூரத்தைப் பார்த்ததும் வான்மதி சாவியிலிருந்து கையை எடுத்தாள். இது நடக்கும் என்று தெரிந்ததுதானே, காலையிலேயே சொன்னார்களே, பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் சாமி கும்பிட்டு வண்டியைக் கிளப்பி, நேராக மலைக்கு, போன தடவை விட்ட கும்பிடைப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று. தெரிந்ததுதான். ஆனால் கற்பூரமும் வாடையும் இதுவரை அவள் தலைக்குள் தனித்தனி அறைகளில் இருந்தன, இப்போதுதான் நடுச்சுவர் விழுந்தது. உள்ளே வலப்பக்கத்து ஜன்னல்கள் பெயின்ட் அடித்து இறுகிப்போனவை, திறக்காது. இடப்பக்கம் அத்தையே தைத்த புதுத்திரை, பூப்போட்டது, காற்று வராமல். ஆவி கனமானது, மேலே போகாது, தரையில் தேங்கும், படுக்கைக்குக் கீழே, அடுப்புக்குக் கீழே, சாமிக்குக் கீழே. பார்க்க ஒன்றும் இருக்காது. ஒரு அறை முழுக்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்துகொண்டு, ஒரே ஒரு சுடருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். "அத்தை" என்றாள். இறங்கி ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், இருக்கையிலிருந்தே சொன்னாள், சொன்னதும் பாதிக்குரலில். "அத்தை, கற்பூரத்த வெளியவே, பம்பர் முன்னாடி காட்டிக்கலாங்களா?" அத்தை எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் குனிந்து வைத்துக்கொண்டே, "பம்பர்லயா கண்ணு சாமி இருக்குது? சாமி உள்ள இருக்குது, மாமா உள்ள இருக்காரு" என்றாள். குரலில் கோபமே இல்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, அவ்வளவு பிரியமாக. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பிடித்துக்கொள்ள ஒரு நுனி இருந்திருக்கும். "இல்லைங்கத்தை, உள்ள வாடை..." "வாடையெல்லாம் கற்பூரம் காட்டினா போயிரும்" என்றாள் அத்தை.

வாடையெல்லாம் கற்பூரம் காட்டினால் போய்விடும். ஆமாம், போய்விடும், வாடை போகும், வண்டி போகும், காசி வரைக்கும் போன வண்டி ஒரு நிமிஷத்தில் காசிக்கும் அப்பால் போகும். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததில் பயம் இரண்டு மடங்காகியது. மூன்று பேரிடமும் சொல்லியாயிற்று. இனி யாரிடம் சொல்வது, முருகனிடமா. சொன்னேனே என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம், யார் இருப்பார்கள் கேட்க. பூபதி அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டான், முதுகு முழுக்க செம்மண். நல்ல முதுகு, அகலமாக, கொல்லிமலையில் அந்த வளைவில் மூன்று மணி நேரம் வெயிலில் நின்று துணியை மாற்றி மாற்றிப் போட்ட முதுகு, அப்போதும் ஒரு வார்த்தை அவளைத் திட்டவில்லை, அவள் உள்ளங்கால் கல்லில் சிராய்த்ததற்கு ராத்திரி தேங்காயெண்ணெய் தடவினான். கெட்டவன் என்று ஒரேயடியாக முடிவு கட்ட முடிந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும். கேட்காத நல்லவனோடு வாழ்வதுதான் கஷ்டம், எதிலும் குற்றம் சொல்ல முடியாது, காதைத் தவிர. "அம்மா நேரமாச்சு, காட்டும்மா, காட்டினதும் இவ சாவி போடட்டும், ஒரே அடில புடிச்சுரும்" என்றான். சின்ராசு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பக்திமானாக நின்றான். கண்ணாடியில் அத்தை தெரிந்தாள், பக்கவாட்டுக் கதவின் படிக்கட்டில் ஒரு காலை வைத்து, அங்கேயே நின்று, பூசணிக்காயைப் படியோரம் இறக்கிவிட்டு, தாம்பாளத்தை இடது உள்ளங்கையில் தாங்கி, அதே கையின் விரல்களில் இடுக்கிய தீப்பெட்டியில் குச்சியை உரசினாள். முதல் குச்சி நமுத்திருந்தது. இரண்டாவது பிடித்தது. கற்பூரம் பற்றியது, கொழுந்து நேராக நின்றது, வெளியே காற்று அவ்வளவு இல்லை. அத்தை இன்னொரு காலையும் படியில் வைத்தாள். மனசுக்குள் வாக்கியம் எழுதத் தொடங்கியது வழக்கம்போல, அத்தை நில்லுங்க என்பதா, நில்லுங்கத்தை என்பதா, ஐயோ என்று தொடங்கினால் அபசகுனம், நெருப்பு என்று சொன்னாலே அபசகுனம், எந்த வார்த்தையை எடுத்தாலும் அதற்கு ஒரு சகுனம் இருந்தது, வார்த்தைகளெல்லாம் வரிசையில் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டு நின்றன. அவள் சாவியைப் பிடுங்கினாள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் பாய்ந்தாள், கியர்க்கம்பியில் முழங்கால் இடித்தது, துண்டு அவிழ்ந்து விழுந்தது, ஈர முடி முகத்தில் ஒட்டியது, கதவில் அத்தையின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்று, தாம்பாளத்தை வெளிப்பக்கமாக ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கன்னம் வலிக்க, பிறந்தநாள் கேக்கில் ஊதுகிற பிள்ளையைப்போல், சாமி கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்தாள்.

ஒரு சத்தமும் இல்லை. திரியில்லாத அந்தக் கறுப்புத் துண்டிலிருந்து ஒரு இழை புகை எழுந்து அத்தையின் கண்ணுக்கும் அவள் கண்ணுக்கும் நடுவில் போயிற்று. அத்தையின் வாய் திறந்திருந்தது. "ஊதிட்டியே கண்ணு" என்றாள், திட்டுவதற்குக்கூடத் தோன்றாமல், "வாயால ஊதிட்டியே." படியோரம் இருந்த பூசணிக்காய் அத்தையின் கால் பட்டு விழுந்து, உடையாமல், மெதுவாக உருண்டு மனையின் சரிவில் போனது. "உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று கத்திக்கொண்டே பூபதி அவளை விலக்கி உள்ளே ஏறினான். ஏறினவன் இரண்டடி வைத்து நின்றான். மூக்கு ஒருமுறை விரிந்தது, மறுபடி விரிந்தது. அவள் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் மூக்கில் இருந்ததெல்லாம் இப்போதுதான் ஒரு உண்மையாகிக்கொண்டிருந்தது. "சின்ராசு" என்றான், குரல் மாறியிருந்தது, "திருப்புளி எடுத்துட்டு வா. அம்மா, நீ கீழ எறங்கு. தீப்பெட்டிய அந்தாண்ட வீசு." முருகனும் மாரியம்மனும் மாமனாரும் படுக்கைமேல் சாய்த்து வைக்கப்பட்டார்கள். மாமனார் அடித்த ஆணிகள் சத்தமே போடாமல் வந்துவிட்டன, அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பலகை ஊறிப்போயிருந்தது, கீழ்விளிம்பில் சந்தனம் கரைந்து வழிந்திருந்தது. பின்னால் அந்த ஒரு சாண் குழாய் நடுவில் உப்பி, வெடித்த உதடு மாதிரி, இன்னும் கசிந்துகொண்டிருந்தது. சின்ராசு அதை ஒரு விரலால் தொட்டான். பிய்ந்தது. யாரும் வெரிகுட் சொல்லவில்லை. அத்தை கீழே நின்று தாம்பாளத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பிறகு வான்மதியின் முகத்தில் ஒட்டியிருந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் விட்டாள். பூபதி படிக்கட்டில் உட்கார்ந்து கையை உதறினான். "ஏம்மா" என்றான் வான்மதியைப் பார்த்து, "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

சொல்லியிருக்கலாமில்ல. அந்த வார்த்தை அவளுக்குள் போய், காதில் அடைத்திருந்த தண்ணீர்மேல் ஒருமுறை தட்டிவிட்டு நின்றது. சொன்னேன், காலையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை, உங்ககிட்ட, அண்ணன்கிட்ட, அத்தைகிட்ட, என்று பெரிய வாக்கியம் ஒன்று அடுக்கடுக்காக எழும்பியது. அதை எழுதி முடிக்கவே வேண்டாம் என்று தோன்றியது. சின்ராசு மீந்துகிடந்த புதுக்குழாயில் ஒரு சாண் அறுத்து, கிளிப் போட்டு இறுக்கி, கீழே இறங்கி, யார் கண்ணையும் பார்க்காமல் செருப்பைத் தேடினான். ராகு காலம் தொடங்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது போல. பூபதி எழுந்தான், அவனுக்கு எல்லாமே சீக்கிரம் சரியாகிவிடும், பயமும்கூட. "செரி, கதவெல்லாம் தொறந்து உட்டாச்சு, இன்னும் நேரம் இருக்குது, டக்குனு ஒரு தடவ போட்டுப் பாத்தர்லாம்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போய்க் குனிந்து தேடினான். "சாவி எங்க?" சாவி அவள் கையில் இருந்தது, இறுக்கிப் பிடித்ததில் பற்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன. அவள் பூசணிக்காய் உருண்டு போன பக்கம் நடந்துகொண்டிருந்தாள், அது வேலியோர எருக்கஞ்செடியில் முட்டி நின்றிருந்தது. "வானு, சாவியக் குடு." அவள் திரும்பினாள். "மல்லியப்பூ வாடை வரட்டுங்க" என்றாள், "தர்றேன்." மனசுக்குள் எழுதிப் பார்க்காமலே வந்துவிட்டது, அவள் நினைத்திருக்கக்கூடிய அளவைவிடச் சத்தமாக. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.